'எரோய்க்கா'வும் அதன் முதல் ரசிகர்களும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகர ரசிகர்கள் அறிந்திருந்த சிம்பொனி, பல கருவிகள் கூடிய இசைக்குழுவுக்காகப் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக எழுதப்பட்டு, அரை மணி நேர அளவில் நிறைவுபெறும் வடிவமாகும். 1803ஆம் ஆண்டில் பீத்தோவன் பெரிதும் உழைத்து உருவாக்கிய மூன்றாம் சிம்பொனி, அதாவது 'எரோய்க்கா' என வழங்கும் வீரச் சிம்பொனி, அந்த நீளத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியதோடு கேட்பவரின் நினைவாற்றலையும் புதுவகையில் சோதித்தது.

இரண்டு ஓங்கிய முழக்கங்களுக்குப் பின், செல்லோக்கள் ஈ-ஃபிளாட் மேஜர் என்னும் சுரக்குடும்பத்தின் மூன்று அடிப்படைச் சுரங்களைக் கொண்டே ஓர் எளிய மெட்டைத் தொடங்குகின்றன. ஆனால் ஏழாவது தாள அளவிலேயே அம்மெட்டு, அக்குடும்பத்துக்கு உரியதல்லாத சி-ஷார்ப் என்ற அன்னிய சுரத்தில் இறங்கி நிற்கிறது. அது ஏன் வந்தது என்பதற்கு இசை உடனே விடை தருவதில்லை. ஏறத்தாழ நானூறு அளவுகள் கடந்து, தொடக்க மெட்டு திரும்பி வரும் இடத்தில்தான் அதே சுரம் வேறு திசையில் நகர்ந்து, ஹார்ன் என்னும் ஊதுகருவி அம்மெட்டைப் புதியதோர் ஆதார சுரத்தில் தனித்து இசைக்க வழிவிடுகிறது. அதற்குச் சற்று முன்னர், வயலின்கள் இன்னும் வேறு சுரங்களில் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கையில், மற்றொரு ஹார்ன் முந்திக்கொண்டு மெட்டை எடுத்துவிடுகிறது. ஒத்திகையில் இதைக் கேட்ட பீத்தோவனின் மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ், வாசிப்பவர் கணக்கைத் தவறவிட்டார் என்று சொல்லி ஆசிரியரின் கடுங்கோபத்துக்கு ஆளானதைத் தாமே பதிவுசெய்துள்ளார். உடனிருந்து பயின்றவருக்கே இந்நிலை எனில், 1805 ஏப்ரல் 7 அன்று வியன்னாவில் நடந்த முதல் பொது நிகழ்ச்சியில் கருத்துகள் பிளவுபட்டதற்கு ரசிகர்களைக் குறைகூறுவது நியாயமாகாது.

கேட்போருக்கு நேரும் இச்சிரமத்தைப் பீத்தோவனும் உணர்ந்திருந்தார். 1806இல் அச்சான முதல் வயலின் பிரதியில், இப்படைப்பு வழக்கத்தைவிட நீளமானதாகையால், முன்னுள்ளவற்றைக் கேட்டு அவையோர் களைத்துப்போகுமுன் நிகழ்ச்சியின் தொடக்கத்தை ஒட்டியே இதை இசைக்க வேண்டும் என்ற குறிப்பு இடம்பெற்றது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். துணி வணிகர் மண்டபத்தில் அமைந்ததால் கெவாண்ட்ஹவுஸ் எனப் பெயர்பெற்ற அரங்கில் 1807 ஜனவரியில் இச்சிம்பொனி இசைக்கப்பட்டபோது, நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு பகுதியின் இயல்பும் சில சொற்களில் அச்சிடப்பட்டது: முதலாவது கனல் மிக்கது, இரண்டாவது இறுதி ஊர்வலத்துக்குரிய நடை, மூன்றாவது துடிப்பானது, நான்காவது ஓரளவு இலக்கணக் கட்டுக்கோப்புடையது. இசைக்கலைஞர்களோ ஊதியம் பெறாமல் கூடுதல் ஒத்திகைகளுக்கு வந்தனர். இக்கூட்டு முயற்சியை இசை வரலாற்றின் பெருந்தன்மை மிக்க செயல்களுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும். பிரெஞ்சு ஆட்சியாளர் நெப்போலியனின் பெயரை இச்சிம்பொனியின் முகப்பிலிருந்து பீத்தோவன் நீக்கிய கதையைப் பிற்காலத்தார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். லைப்சிக் தாளோ செவி எதை எதிர்பார்க்கலாம் என்பதை மட்டுமே சொன்னது. பின்னாளில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அரங்கின் கச்சேரிகளுக்கு இசை எழுத்தாளர் ஜார்ஜ் குரோவ் பல்லாண்டு எழுதிய விளக்கக் குறிப்புகளும் அவ்வழியே முக்கிய மெட்டுகளை இசைக்குறியீட்டுடன் எடுத்துக்காட்டின. அவற்றின் அடிப்படையில் விரிந்ததே பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள் குறித்து அவர் 1896இல் வெளியிட்ட நூல்.