பிறந்தவர்களுக்கான சபையும் வந்து சேர்ந்தவர்களும்

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான்: "ஆங்கிலிக்கன் சபை என்றால் இங்கிலாந்துக்காரர்களின் சபைதானே? வெளியில் இருந்து ஒருவர் அதில் எப்படிச் சேருவார்?" சாதாரணமான கேள்வி என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க அந்தச் சபையே இந்தக் கேள்வியில் ரொம்ப நாள் தடுமாறியிருக்கிறது என்று தெரிந்தது.

எட்டாம் ஹென்றி 1534-ல் போப்பிடம் இருந்து பிரிந்த கதை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். 1549-ல் ஆங்கிலத்தில் முதல் பொது ஜெபப் புத்தகம் வந்தது. அதில் ஞானஸ்நான முறை குழந்தைகளுக்கு மட்டும்தான்! பெரியவர்களுக்கென்று தனி முறை கிடையாது. இங்கிலாந்தில் பிறக்கிற எல்லோரும் பிறந்த உடனேயே சபைக்குள் வந்துவிடுவார்கள் என்ற நினைப்பு. குழந்தை வளர்ந்ததும் வினாவிடை உபதேசத்தை மனப்பாடம் செய்யும், பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்துவார், அப்புறம் திருவிருந்து. அவ்வளவுதான் பாதை.

பெரியவர்களுக்கான ஞானஸ்நான முறை 1662-ம் வருடப் புத்தகத்தில்தான் சேர்ந்தது. ஏன் சேர்த்தோம் என்று அதன் முன்னுரையே சொல்கிறது. குழந்தை ஞானஸ்நானத்தை மறுக்கும் கூட்டம் உள்நாட்டில் பெருகியது ஒரு காரணம். குடியேற்ற நாடுகளின் மக்களுக்கும் பயன்படும் என்பது இன்னொன்று. அதாவது நம்மைப் போன்றவர்கள் அந்தப் புத்தகத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான் :-)

ஆனால் ஒரு முறையை அச்சடிப்பது வேறு, ஆளைச் சேர்த்துக்கொள்வது வேறு. இதை நான் புரிந்துகொண்டது வி.எஸ். அசரியா என்ற மனிதரின் கதையில். 1874-ல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தகப்பனார் அங்கே குருவானவர். 1903-ல் திருநெல்வேலி கிறிஸ்தவர்கள் சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது முன்னால் நின்றவர். வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் நம்மவர் பணத்தில், நம்மவரே போக வேண்டும் என்பது அதன் கொள்கை. 1909-ல் அவரே கிளம்பி, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு நாடு, பாஷையே புதிது. 1912-ல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் இவர்தான்.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். நிலம் இல்லாத கூலிகள், பலருக்கு எழுத்து தெரியாது. ஆகவே புத்தகம் உதவாது. பகலெல்லாம் வயலில் வேலை, இரவில் விளக்கு வெளிச்சத்தில் உபதேசியார் சொல்லச் சொல்லப் பத்துக் கட்டளையும் கர்த்தருடைய ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடம். பாட்டும் அவர்கள் ஊர் மெட்டில். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையிலேயே கைவைத்து, நற்செய்தியை மற்றவருக்குச் சொல்வேன் என்று உறுதி கூறச் செய்வாராம் அசரியா. நேற்று வந்தவர் இன்றே மற்றவரை அழைக்கும் பொறுப்பில். இங்கிலாந்து முறையில் இது கிடையாது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயமும் அப்படித்தான். கோவில் தூண்களையும் மசூதிக் குவிமாடங்களையும் கலந்து கட்டியது. முதல்முறை உள்ளே வருகிறவனுக்கு அந்நியமாகத் தெரியக்கூடாது அல்லவா?

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரோடு ஒருவர் புழங்காதவர்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து என்பது அவர்களுக்குப் பெரிய சோதனை. வெளியிலும் எதிர்ப்பு. கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை 1930-களில் காந்தி கடுமையாக விமர்சித்தார். காந்தியின் கவலையில் நியாயம் இருக்கலாம். ஆனால் சேர்ந்த மக்களுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்பது போன்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிடக் கூர்மையான கேள்வியை அம்பேத்கர் அசரியாவிடம் கேட்டதாகச் சொல்வார்கள். நாங்கள் கிறிஸ்தவர்களானால் எந்த ஊருக்குப் போனாலும் சாதி இல்லாத ஒரே சபையில் இருப்போமா, அப்படி ஒன்று உங்களிடம் உண்டா என்று. அசரியா வெட்கப்பட்டாராம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன், பாப்டிஸ்ட் என்று ஊருக்கு ஒரு பலகை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

சபைகளை ஒன்றாக்க அவர் 1919 தரங்கம்பாடி மாநாட்டில் இருந்தே உழைத்து வந்தவர். 1945 ஜனவரி 1-ந் தேதி இறந்துபோனார். தென்னிந்தியத் திருச்சபை சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது 1947 செப்டம்பர் 27-ல். பலகைகள் சில இறங்கின. அம்பேத்கர் கேட்டதில் சாதி பற்றிய பாதிக்கு, சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தால் இன்னும் பதில் வரவில்லை என்று தெரியும்.