ஸ்கிரிப்டில் புகும் வேற்றுக் குறிகள்

நிரலை எழுதியவர் அறியாமலேயே கோப்புக்குள் வந்து சேரும் எழுத்துக்குறிகளை வேற்றுக் குறிகள் எனலாம். பெரும்பாலானவை திரையில் தெரிவதில்லை. தெரிபவையும் சரியான குறியைப் போலவே தோன்றும். வரிமுடிவில் ஒட்டிக்கொள்ளும் கேரேஜ் ரிட்டர்ன், கோப்பின் தலைப்பில் அமரும் பைட் வரிசைக் குறி, வரி உடையாத இடைவெளி, வளைந்த மேற்கோள்குறி ஆகியவை அடிக்கடி அகப்படுபவை. நிரலின் தர்க்கம் முழுக்கச் சரியாக இருந்தும் வெளியீடு தவறுவதுதான் இவ்வகைப் பிழையின் கொடுமை. பத்து முறை படித்தாலும் பிடிபடாது. பைட்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

வரிமுடிவுச் சிக்கல்

இவற்றில் மிகப் பரவலானது 13 என்ற குறியீட்டு எண்ணுடைய கேரேஜ் ரிட்டர்ன். 1963-இல் வந்த மாடல் 33 போன்ற டெலிடைப் எந்திரங்களில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளையும் (13), தாளை ஒரு வரி நகர்த்த இன்னொன்றும் (10) தேவைப்பட்டன. யூனிக்ஸ் 10-ஐ மட்டும் வரிமுடிவாக வைத்துக்கொண்டது. எம்எஸ்-டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. விண்டோஸில் எழுதிய கோப்பு லினக்ஸுக்குப் போகும்போது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு 13 மிச்சமாக நிற்பது இதனால்தான்.

அந்தப் பழைய கட்டளையை இன்றைய முனையமும் அப்படியே நிறைவேற்றுகிறது. ஒரு பட்டியலிலிருந்து 250000 என்ற தொகையைப் படித்து, அதன் பின்னால் '/-' சேர்த்து அச்சிடும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். திரையில் வருவது '/-0000'. தொகையோடு ஒட்டி வந்த 13, கர்சரை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துவிட, அடுத்து வந்த இரண்டு குறிகளும் முதல் இரண்டு இலக்கங்களின் மேல் ஏறிவிட்டன. கணக்கில் பிழை இல்லை, அச்சிடும் கட்டளையிலும் இல்லை. வெளியீட்டின் தலைப்பகுதி விழுங்கப்பட்டிருந்தால் முதல் சந்தேகம் 13-இன் மேல் விழ வேண்டும்.

ஒப்பீடுகளும் இதே காரணத்தால் பொய்க்கின்றன. பயனர் கொடுத்தது 'ஆம்', நிரல் எதிர்பார்த்ததும் 'ஆம்'. ஆனால் ஒன்றின் வாலில் 13 இருப்பதால் இரண்டும் சமமில்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே அது இருந்தால், எந்த மொழிபெயர்ப்பி நிரலைக் கொண்டு இயக்குவது என்று சொல்லும் பாதையோடும் ஒட்டிக்கொள்ளும். கோப்பு கண்முன் இருக்கும்போதே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று செய்தி வரும். அந்தச் செய்தியில் '^எம்' என்ற அடையாளம் தென்பட்டால் அதுதான் 13.

தலைப்பிலும் நடுவிலும்

பைட் வரிசைக் குறி யூடிஎஃப்-8 கோப்பில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளாக நிற்கும். யூடிஎஃப்-16-இல் பைட்டுகளின் வரிசையைக் காட்டுவது அதன் வேலை. யூடிஎஃப்-8-க்கு அது தேவையே இல்லை. ஆனாலும் தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இதை எளிதில் விட்டுவிட முடியாது. இந்தக் குறி இல்லாத தமிழ் சிஎஸ்வி கோப்பை நேரடியாகத் திறந்தால் எக்செல் பெரும்பாலும் எழுத்துகளைச் சிதைத்துக் காட்டுகிறது. ஆகவே குறியோடு சேமிக்கிறார்கள். அதே கோப்பை ஸ்கிரிப்ட் படிக்கும்போது முதல் பத்தியின் தலைப்பான 'பெயர்' கிடைக்கவில்லை என்று வரும், குறியும் அந்தப் பெயரோடு சேர்ந்துகொள்வதால். பைத்தானில் குறியேற்றத்தை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் படிக்கும்போதே அது நீங்கிவிடும்.

வளைந்த மேற்கோள்குறிகள் சொற்செயலிகளிலிருந்தும் பிடிஎஃப்களிலிருந்தும் நகலெடுக்கும்போது வருகின்றன. ஜிசிசி தொகுப்பியின் பழைய பதிப்புகள் ஒரே மேற்கோள்குறிக்கு \342, \200, \234 என மூன்று பிழைகளைக் காட்டும். அவை எண்ம முறையில் எழுதிய பைட்டுகள். பதின்மத்தில் 226, 128, 156. வரி உடையாத இடைவெளி (160) வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும். மேக் விசைப்பலகையில் ஆப்ஷன் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தினாலும் வரும்.

தமிழ்க் கோப்புகளில்

'கொ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியாகவும் (யூனிக்கோடு எண் 3018) எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் (3014, 3006) எழுதலாம். பார்வைக்கு வேறுபாடு இல்லை; தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. யூனிக்கோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கும். 'ஸ்ரீ'யின் சிக்கல் இதைவிடக் கடினம். ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிக்கோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன; இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது.

கண்டறிதல்

கோப்பைத் திருத்தும் முன் 'ஃபைல்' கட்டளையை ஓட்டினால் வரிமுடிவு எது, தலைப்பில் குறி உண்டா என்று சொல்லிவிடும். 'கேட்' கட்டளையைப் பெரிய 'ஏ' விருப்பத்தோடு கொடுத்தால் மறைந்தவை வெளிப்படும். ஆனால் தமிழ் எழுத்துகளையும் அது குறியீடுகளாக மாற்றிவிடுவதால் நமக்கு அதிகம் உதவாது. பைத்தானின் 'ரெப்ர்' இங்கே அருமையான கருவி: தமிழை அப்படியே விட்டு, 13, 160, பூஜ்ய அகலக் குறிகள் போன்றவற்றை மட்டும் குறியீட்டு வடிவில் காட்டும்.

ஆஸ்கியில் அடங்காத எல்லாவற்றையும் நீக்கிவிடு என்ற அறிவுரை ஆங்கில வழிகாட்டிகளில் சாதாரணம். தமிழ்க் கோப்பில் அதைச் செய்தால் ஓர் எழுத்துகூட மிஞ்சாது. இன்ன குறி என்று பெயர் சொல்லி நீக்குவதே முறை. 13-க்கு 'டாஸ்2யூனிக்ஸ்' போதும். அது திரும்ப வராமலிருக்க, கிட் களஞ்சியத்தின் பண்புக் கோப்பில் வரிமுடிவை நிலையாக வரையறுக்க வேண்டும்.

சில குறிகள் வேண்டுமென்றே வைக்கப்படுவதும் உண்டு. எழுத்தின் திசையை மாற்றும் மறைகுறிகளைக் கொண்டு, படிப்பவருக்கு ஒரு நிரலையும் தொகுப்பிக்கு வேறொன்றையும் காட்டலாம் என்று 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் விளக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ரஸ்ட் மொழித் தொகுப்பியின் 1.56.1 பதிப்பு இத்தகைய குறிகளைக் கண்டால் தொகுப்பதை நிறுத்தத் தொடங்கியது. தமிழ் இடமிருந்து வலமாகவே ஓடுவதால், தமிழும் ஆங்கிலமும் மட்டும் உள்ள கோப்பில் அவற்றுக்கு வேலை இல்லை.