வடசென்னையின் பாட்டுக் கதை – 6: துக்க வீட்டு மேடை

துறைமுகத்தில் பகலெல்லாம் மூட்டை தூக்கியவர்கள் இரவில் எங்கே கூடிப் பாடினார்கள் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். சாவு விழுந்த வீட்டு வாசலில்!

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தெருவை மறித்துப் பந்தல் போட்டு, பிணத்தோடு விடியும்வரை விழித்திருக்கும் இரவுக்குத் துணையாக வந்தது மரண கானா. பாடகர் முதலில் வீட்டாரிடம் போய் உட்காருவார். செத்தவர் பெயர், பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். நள்ளிரவு தாண்டும்போது அவையெல்லாம் பாட்டுக்குள் வந்திருக்கும். டோலக், சட்டி, பேஞ்சோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மேசைப் பலகையில் தட்டும் விரலே தாளம். ராஜாவுக்கு மெய்க்கீர்த்தி எழுதப் புலவர்கள் இருந்தார்கள். மூட்டை தூக்கியவரின் வாழ்க்கையைப் பாட இவர்கள்தான் இருந்தார்கள். அந்த மரியாதைக்காகவே கானாவை நான் இந்நகரத்தின் முதல் வரலாற்று நூல் என்பேன்.

இதன் வேரைத் தேடுகிறவர்கள் பலரும் ராயபுரத்துக்கே வந்து நிற்கிறார்கள். தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792இல் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். வீட்டைத் துறந்து, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் இங்கே வந்து தங்கினார். 1838இல் மறைந்தார். அவர்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு. திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார் என்றால், மதம் தாண்டி அவருக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து கானாவுக்கு நேர்க்கோடு இழுப்பது மிகை. ஆனால் சித்தர் மரபும் சூஃபி மரபும் நிலையாமையைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் வந்து பாடிய தெருக்கள் இவை. அந்தக் காற்று கானாக்காரர்களுக்குப் படாமல் போயிருக்காது.

சினிமா வந்த கதை எல்லோருக்கும் தெரியும். தேவா கானா மெட்டைத் திரைக்குக் கொண்டுபோனார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் தானே திரையில் தோன்றிப் பாடினார். 2012இல் ‘அட்டகத்தி’ கானா பாலாவைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது.

இத்தனை பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? விடியவிடியத் தெருவில் நடக்கும் கச்சேரி; சுற்றிலும் ஆண்கள். பெண்ணுக்கு ஒப்பாரி உண்டு, மைக் கிடையாது.

ராயபுரத்து இசைவாணிக்கு அந்த மைக் சிறுவயதிலேயே கிடைத்தது, ஆனால் வேறு பாட்டுக்காக. அப்பா தானாகவே கீபோர்டு கற்றுக்கொண்ட கலைஞர். அவரோடு மெல்லிசை மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடி வளர்ந்தவர் இசைவாணி. கானா மேடை மட்டும் எட்டாமலே இருந்தது.

2017இல் கதவு திறந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ஒரு குழுவுக்கு ஆள் தேடினார்கள். கானாவும் பறையும் ராப்பும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும் என்பது திட்டம். குரல் சோதனைக்கு வந்தவர்களில் 19 பேர் தேறினார்கள். கானா முத்து வந்தார், ராப் பாடும் அறிவு வந்தார். ஒரே ஒரு பெண்: இசைவாணி.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். மைதானம் நிரம்பிவிட்டது. வழக்கமான கச்சேரி உடுப்பு ஒருவரிடமும் இல்லை. எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் மேடையேறினார்கள். பின்னால் குழுவின் பெயர்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்றவர்களின் கூட்டம்.

பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதன் கரு, 1914லேயே மறைந்துவிட்ட ஒரு சித்த வைத்தியருடையது. ராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசா விலையில் பத்திரிகை நடத்திய மனிதர் அவர். கிட்டாரையும் ராப்பையும் கண்டிராத அவரிடம் இந்த 19 பேர் போய்ச் சேர்ந்தது எப்படி? அவர்கள் மேடையில் பாடியதை நூறாண்டுக்கு முன்பே அச்சில் எழுதிய அந்த வைத்தியர் யார்?

(அடுத்த வாரம்)