சேப்பாக்கம் 2001: களைத்த வீச்சாளரும் மாற்றுவோர் முடிவும்

களைத்த வீச்சாளரை எப்போது விலக்குவது என்னும் வினா சாஃப்ட்பாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் பொதுவானது, விதிகளே வேறு. சாஃப்ட்பாலில் தொடக்க ஆட்டக்காரர் வெளியேறி ஒருமுறை மீளலாம். 2021 ஜூலை 27 அன்று, யோகோஹாமாவில் நடந்த ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், ஆறாம் இன்னிங்ஸில் விலக்கப்பட்ட ஜப்பானின் யுகிகோ உவேனோ ஏழாவதில் மீண்டு ஆட்டத்தை முடித்தார். கிரிக்கெட் அணித்தலைவரோ களத்திலுள்ள பதினொருவருக்குள்ளேயே மாற்று தேட வேண்டும்.

சேப்பாக்கத்தில் 2001 மார்ச் 18 முதல் 22 வரை நடந்த இந்திய–ஆஸ்திரேலிய டெஸ்ட் இதற்குத் தக்க சான்று. ஹர்பஜன் சிங் முதல் இன்னிங்ஸில் 38.2, இரண்டாவதில் 41.5 ஓவர்கள், ஆக 481 பந்துகள் வீசினார். இதனைக் கங்குலியின் துணிவாக மட்டுமே கொள்வது மிகை. கும்ப்ளே காயத்தால் அத்தொடரிலேயே இல்லை. வீழ்ந்த 20 விக்கெட்டுகளில் ஹர்பஜனுக்கு 15. ஸ்டீவ் வாஹ் பந்தைக் கையால் தொட்டு ஆட்டமிழந்தார். ஏனைய வீச்சாளர் அனைவர்க்கும் எஞ்சியவை நான்கே.

எனினும் இக்கணக்கு ஆட்டம் முடிந்தபின் தெரிவது. முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 3 விக்கெட்டுக்கு 340 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது ஹர்பஜன் பெற்றிருந்தது ஒரே விக்கெட். அந்நிலையில் அவரை விலக்கியிருந்தால் எவரும் குறை கூறியிரார். விலக்கவில்லை, 391இல் இன்னிங்ஸ் முடிந்தது, எஞ்சிய ஏழில் ஆறு அவருடையவை. சுழல்வீச்சில் ஓவர் எண்ணிக்கை மட்டும் களைப்பின் அளவுகோலாகாது என்பதற்கு இது போதும். இந்தியா இரண்டு விக்கெட்டில் வென்றது. வெற்றி ஓட்டங்களை அடித்தவரும் ஹர்பஜனே.