வேலூர் செருப்பிலிருந்து வீடியோ கேம் வரை

சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்களுக்கு வீடியோ கேம் மாதிரி ஒன்றை விளையாட வைத்து நடை பழக்குகிறார்கள் என்றால் நம்புவீர்களா? விர்ச்சுவல் ரியாலிட்டி சிகிச்சை என்று பெயர். பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். 2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அதோடு இந்தக் கதையின் முதல் பாதி நடந்தது நம்ம வேலூரில்!

1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914ல் பிறந்தது கொல்லிமலையில். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று அப்போது நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்துவிட்டு வேறு காரணம் சொன்னார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது. ஆணி குத்தினாலும் நமக்கு உடனே கால் நொண்டும். அவர்களுக்குத் தெரியாது. அதே காலை ஊன்றி நடப்பார்கள், புண் பெரிதாகும், கடைசியில் விரல் போகும்.

அதனால் மருந்தோடு செருப்பும் சிகிச்சை ஆனது. உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவும்படி, மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளை வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் செய்து கொடுத்தார்கள்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இதே வலியின்மைதான் பெரிய காரணம் என்று கண்டு, வேலூரில் கற்றதை அவர்களுக்கும் பயன்படுத்தினார்கள்.

கார்வில்லில் இன்னொரு முயற்சியும் நடந்தது. இழந்த வலிக்குப் பதிலாகச் செயற்கை வலி! கையுறையிலும் காலுறையிலும் சென்சார் வைத்து, அழுத்தம் கூடினால் காதில் சத்தம் வரச் செய்தார்கள். யாரும் அதை மதிக்கவில்லை. உணர்ச்சி மிச்சமிருந்த இடத்தில் லேசாக மின்சார ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். செய்யக்கூடாத வேலையைச் செய்ய வேண்டியிருந்தால், நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்தார்கள்! திட்டம் கைவிடப்பட்டது. இதை பிராண்டே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இனி இரண்டாம் பாதி. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது: கால், கண், உட்காது. கால் மரத்தவர்கள் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள். அதனால்தான் ராத்திரி கரண்ட் போனால் தடுமாறுகிறார்கள். கண் வழியாகவே உடம்புக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? இந்த யோசனைக்கு வழி திறந்தது விளையாட்டுச் சாமான்கள். 2007ல் நின்டெண்டோ கம்பெனி ஏறி நின்று ஆடும் ஒரு பலகையை விற்றது. 2010ல் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் வந்தது. பிசியோதெரபிஸ்டுகள் இரண்டையும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

2015ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையால் நரம்பு கெட்ட 39 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு காலிலும் இடுப்பிலும் சென்சார் கட்டி 4 வாரம் பயிற்சி. கணுக்காலை அசைத்தால் திரையில் ஒரு புள்ளி நகரும். அதைக் குறியில் சேர்க்க வேண்டும். திரையில் வரும் தடையைக் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். பயிற்சி எடுத்தவர்களுக்கு நிற்கும்போது உடம்பு ஆடுவது குறைந்தது.

கார்வில் கருவிக்கும் இதற்கும் என் பார்வையில் ஒரு வித்தியாசம். அது நாள் முழுக்க "செய்யாதே" என்று அதட்டியது. இது அரை மணி நேரம் ஆசையாக ஆட வைத்து, மிச்சமிருக்கும் புலன்களைப் பழக்குகிறது. ஆனால் செத்த நரம்பை இதுவும் எழுப்பாது. கேமை நிறுத்தியபின் செருப்பில் சிக்கிய கல் இப்போதும் தெரியாது. பிராண்டின் பாடம் அங்கேதான் நிற்கிறது. எங்கள் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் பக்கத்தில், கே.கே. நகரில், அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தும் இடம். அந்த வரிசைக்கு யாரும் போக வேண்டாமே!

கார்வில் ஆராய்ச்சியில் 1986ல் நிலைபெற்ற ஒரு சோதனை உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் நூலால் உள்ளங்காலைத் தொடுவார்கள். தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. அடுத்த முறை அம்மா அப்பாவை சுகர் டெஸ்டுக்கு அழைத்துப் போகும்போது டாக்டரிடம் கேளுங்கள் நண்பர்களே. வீட்டில் தினமும் அவர்கள் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். அதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.