தவறான விடைக்கு ஒரு பெயர்

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய ‘பிராம்மஸ்புட சித்தாந்தம்’ ஒரு புதிரை முன்வைக்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தை 92ஆல் பெருக்கி 1 கூட்டினால் வருவதும் ஒரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும், அவ்வெண் யாது? ஓராண்டுக்குள் இதற்கு விடை காண்பவரே கணிதர் என்கிறார் அவர். இதைப் புலமைச் செருக்காகவும் வாசிக்கலாம். ஆனால் மூன்று மணி நேரத் தேர்வுக்குப் பழகிய நமக்கு, அந்த ‘ஓராண்டு’ என்ற அளவுகோல்தான் வியப்பளிக்க வேண்டும்.

அவர் தொடங்கும் இடம் ஒரு தவறான விடை. 1 என்று வைத்துப் பார்த்தால் 92. அதனுடன் 8 சேர்த்தால் 100, அதாவது 10இன் வர்க்கம். சேர்க்க வேண்டியது 1, சேர்த்ததோ 8. இன்றைய விடைத்தாளில் இதற்கு மதிப்பெண் இல்லை. சமஸ்கிருதக் கணித மரபு அந்த 8ஐ அழிக்கவில்லை. ‘க்ஷேபம்’, அதாவது ‘இடப்பட்டது’, எனப் பெயரிட்டு வைத்துக்கொண்டது. பெயர் பெற்ற பிழை கணக்கிடத்தக்க பொருளாகிவிடுகிறது. தவறிய இரு முயற்சிகளைக் குறுக்கே பெருக்கி இணைத்தால் புதியதொரு முயற்சி பிறக்கும்; க்ஷேபங்களும் தம்முள் பெருகும். மேற்கண்ட முயற்சியைத் தன்னோடே இணைத்தால் 20, 192, க்ஷேபம் 64. 64 என்பது 8இன் வர்க்கமாதலால் இரண்டையும் 8ஆல் வகுக்கலாம்: 5/2, 24, க்ஷேபம் 1. பின்னம்தான் குறை. மீண்டும் இணைத்தால் 120, 1151. புதிர் அவிழ்ந்தது.

இவ்விணைப்புக்குப் பிற்கால நூல்கள் தந்த பெயர் ‘பாவனா’: உண்டாக்குதல். தமிழில் ‘பாவனை’ கற்பனையாகவும் நடிப்பாகவும் திரிந்தது தனிக்கதை.

எல்லா எண்ணும் இப்படி வசப்படுவதில்லை. 1150இல் பாஸ்கரர் 92க்குப் பதில் 61ஐ எடுத்துக்கொள்கிறார். முதல் முயற்சி 1, 8, க்ஷேபம் 3. இதனோடு அவர் இணைப்பது 1, 7, க்ஷேபம் −12. பிறப்பது 15, 117, −36. 3ஆல் வகுக்க 5, 39, −4. வகுபட வேண்டும், பிழையும் சிறிதாக இருக்க வேண்டும் என்று தேர்ந்ததே அந்த 7. இவ்வாறு சுழன்று சுழன்று பிழையைக் குறைப்பது ‘சக்கரவாளம்’. மணிமேகலை வாசகருக்குச் சொல் புதிதன்று. க்ஷேபம் −4 ஆனபின் பிரம்மகுப்தரின் குறுக்குவழியே போதும். விடை: 22,61,53,980, பெரிய எண் 1,76,63,19,049.

1657இல் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா இதே 61ஐத் தம் சமகாலத்தவரிடம் கேட்டார். ‘நாமே முந்தினோம்’ என்போர் இடைப்பட்ட 500 ஆண்டுகளை மட்டும் எண்ணி மகிழ்கின்றனர். பிழையைக் கையாண்ட முறையைப் பேசுவதில்லை.

சக்கரவாளம் எப்போதும் விடையில் வந்து நிற்குமா? பாஸ்கரர் நூலில் அதற்கு நிரூபணம் இல்லை. மைசூரில் கணிதம் கற்பித்த ஏ.ஏ. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1929ஐ ஒட்டி அதை அளித்தார். மொழியியல் மாணவர்கள் அறிந்த ஏ.கே. ராமானுஜன் அவருடைய மகன். அதுவரை அந்நூலைக் கற்றுச் சக்கரத்தைச் சுழற்றியவர்கள், அது நின்றே தீரும் என்ற நிரூபணம் கையில் இல்லாமலேயே சுழற்றினர்.