தூரத்தால் அளந்த நேரம்

கொக்குவில் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் எண்டு கேட்டால், "அஞ்சு நிமிச நடை" எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம். தூரத்தை நேரத்தால் சொல்லுறது எங்கட பழக்கம். பௌதிகவியலில் இதைத் தலைகீழாகச் செய்த ஒரு வரலாறு இருக்கிறது. கலைப்பீடக்காரரான எங்களை லேசர் பக்கம் இழுத்தது அதுதான்.

1899 இல் பிரான்சில் ஆபிரகாம், லெமுவான் என்ற இருவருக்கு ஒரு கேள்வி. மின்னழுத்தம் கொடுத்தால் சில திரவங்கள் ஒளியைக் கடத்தும் விதம் மாறும். அழுத்தம் போனதும் எவ்வளவு விரைவில் பழையபடி ஆகும்? எந்த மணிக்கூடும் அதற்குக் காணாது. அழுத்தத்தை நீக்கிய அதே மின்பொறியின் வெளிச்சத்தையே ஆடிகளால் சுற்றவிட்டுத் திரவத்துக்கு அனுப்பினார்கள். ஆடியைத் தள்ளிவைத்தால் வெளிச்சம் பிந்தி வரும். பாதையின் நீளமே மணிக்கூடானது. முதலில் ஒரு தட்டு, பிறகு ஒரு பார்வை: இன்றைய 'பம்ப்-புரோப்' முறையின் சாரம் இதுதான்.

1949 இல் கேம்பிரிட்ஜில் நோரிஷும் போர்ட்டரும் ஒரு ஒளிவீச்சால் மூலக்கூறுகளை உடைத்து, அடுத்த ஒளிவீச்சால் துண்டுகளைப் பதிவுசெய்தார்கள். 1967 இல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. போர்ட்டர் இரண்டாம் உலகப்போரில் கடற்படை ராடார் அதிகாரி. துடிப்புகளைக் கையாளும் வித்தையை அங்கேதான் பழகினார்.

போர் விஞ்ஞானத்தை வளர்த்தது எண்டு புத்தகங்கள் லேசாகச் சொல்லிப்போடும். எங்களுக்கு அந்த வசனம் தொண்டையிலை சிக்குது. 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 இல்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. போர் ஓரிடத்தில் ஆய்வுகூடத்துக்கு வழி திறக்கும். இன்னோரிடத்தில் தண்டவாளத்தையே இல்லாமல் செய்யும். வரலாறு எழுதுபவர் இரண்டையும் எழுதவேண்டும்.

1980களின் கடைசியில், வாயுவுக்குள் வலுவான லேசரைப் பாய்ச்சினால் அதீத புறஊதா ஒளி பிறக்கும் என்று கண்டார்கள். பிரான்சில் ஆன் லூலியேயின் குழு அதில் முக்கியமானது. 2001 இல் அகோஸ்தினி, கிரௌஸ் ஆகியோரின் குழுக்கள் அட்டோசெக்கன் துடிப்புகளை அளந்தன. 2023 இல் மூவருக்கும் நோபல் பரிசு.

இந்த ஒளியைக் காற்றும் விழுங்கும், கண்ணாடியும் விழுங்கும். ஆகவே வில்லை இல்லை. எல்லாம் வெற்றிடக் குழாய்க்குள். ஒளி உரசிக்கொண்டு போகும்படி சாய்த்த ஆடிகள், அல்லது மொலிப்டினமும் சிலிக்கனும் மாறிமாறிப் பூசிய பல அடுக்கு ஆடிகள். ஒளி நேராகப் பட்டுத் திரும்பும் ஆடியை 15 நானோமீற்றர் பின்னுக்கு நகர்த்தினால், போக வர 30. அதுவே 100 அட்டோசெக்கன் பிந்தல்.

நூறு வருடத்துக்கும் மேலாக, இப்பவும் ஆடியைத்தான் நகர்த்துகினம். இந்தக் கதையை விளங்க லேசர் வாங்கத் தேவையில்லை. தமிழில் யாராவது எழுதவேண்டும்; அதைத்தான் நாங்கள் தொடங்கியிருக்கிறம்.